இருக்கை எண் 2714

அத்தியாயம் 9

அந்தப் பச்சை அட்டை நோட்டை எழுதியவன் யாரென்று கண்டுபிடித்து அவன் காதைத் திருகாமல் விடப்போவதில்லை என்று நாஹித் சபதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. சென்ற வாரம் ஆசிரியர் அறையில் அவள் அதை மேசைமேல் ஓங்கி அடித்ததும், டீ கவிழ்ந்து யாருடைய வருகைப் பதிவேடோ நனைந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நினைவில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டாக்டர் நாஹித் கமீல் ஷுக்ரி, கஃப்ர் ரம்லா வணிகவியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வணிகக் கணிதம் நடத்துகிறவள். இருபத்திரண்டு வருட உத்தியோகம். அடுத்த மாதம் துறைத்தலைவி நாற்காலி அவளுக்குத்தான் என்று கல்லூரி வாசலில் ஸஹ்லப் என்ற சூடான பால்பானம் விற்கிறவன்வரை பேசிக்கொள்கிறான். அவள் எழுதிய தடித்த பாடப்புத்தகத்தின் கடைசியில் ஒரு நீலத்தாள் இருக்கும். பயிற்சிக் கணக்கை அதில்தான் போட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஆகவே எல்லாரும் புத்தகத்தை வாங்கித்தான் தீருவார்கள். வாங்கி, நீலத்தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, படிப்பதென்னவோ அந்தப் பச்சை அட்டை நோட்டை! 'பயப்படாதே, கணக்குதான்' என்று தலைப்பு. எழுதியவன் பெயர் அபூ அர்காம். எண்களுக்கெல்லாம் தகப்பனாம். திமிரைப் பாருங்கள்.

நோட்டில் ஒரு வரி அவளை ரொம்பவே படுத்தியது. 'விலையில் இன்னும் ஒரு பவுண்டு ஏற்றினால் கல்லாப்பெட்டி சிரிக்குமா, அழுமா என்று கேட்பதற்குப் பெயர்தான் வகையிடல்.' அதைப் படித்ததும் முதலில் களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகுதான் கோபம் வந்தது. அவளுடைய புத்தகத்தில் அதே விஷயம் பதினோரு பக்கம்.

வீட்டில் கணவர் ராஃபத், கட்டடப் பொறியாளர். ஒரே மகன் ஜியாத், அலெக்சாந்திரியாவில் பொறியியல் இரண்டாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறினால் வியாழன் மாலை அழுக்குத்துணி மூட்டையோடு வருவான். "எம்மகன் இஞ்சினியர்" என்று ராஃபத் ரொட்டிக்கடை வரிசையில்கூட யாரிடமாவது சொல்லாமல் திரும்பமாட்டார். நாஹித்தும் சொல்வாள். கொஞ்சம் மெதுவாக, ஆனால் சொல்வாள்.

இன்றைய கதை செவ்வாய்க்கிழமையில் நடக்கிறது. ஜனவரிக் குளிர். பத்து மணிக்கு வணிகக் கணிதப் பரீட்சை.

மூவாயிரத்துச் சொச்சம் பேரை எந்தக் கட்டடத்தில் அடைப்பது? மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கட்டுகிற அதே சிவப்பு நீலப் பூத்துணி. உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் அது கல்யாணத்துக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

பாட ஆசிரியர் பரீட்சை நடுவே ஒரு சுற்று வந்து சந்தேகம் தீர்த்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். பத்தரை மணிக்கு நாஹித் வந்தாள். வரிசைக்கு வரிசை கைகள் உயர்ந்தன.

"டாக்டர், அஞ்சாவது கேள்வியில தட்டு பஸ்பூஸான்னு போட்டிருக்கே, பெரிய தட்டா, சின்னத் தட்டா?" என்று கேட்டாள் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"எந்தத் தட்டா இருந்தா உனக்கென்னம்மா? திங்கப்போறியா, கணக்குப் போடப்போறியா?"

பக்கத்து வரிசையே சிரித்தது. நாஹித்துக்கும் உற்சாகம். அந்த ஐந்தாம் கேள்வி அவளுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஒரு பெண் வாரம் அறுபது தட்டு பஸ்பூஸா என்ற ரவை இனிப்பு விற்கிறாள், தட்டு நூறு பவுண்டு. ஐந்து பவுண்டு ஏற்றும்போதெல்லாம் இரண்டு தட்டு விற்பனை குறைகிறது. எந்த விலையில் வருமானம் உச்சம்? நூற்றிருபத்தைந்து என்று வரும், ஐம்பது தட்டு. இப்படி எண்கள் மடித்து வைத்த சட்டை மாதிரி படிந்து வந்தால் அவளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்.

பதினெட்டாவது வரிசையில் திரும்பினாள்.

முதலில் அவள் பார்த்தது ஒரு கையை. இடது கை. பேனாவை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகி எழுதிக்கொண்டிருந்தது. உலகத்தில் யார் அப்படிப் பேனா பிடிப்பார்கள்? ஆறாம் வகுப்பில் பந்து விளையாடி ஆள்காட்டி விரலை ஒடித்துக்கொண்டு, பரீட்சைக்கு முன்னால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவளிடமே எழுதிப் பழகிய கை ஒன்றுதான் அப்படிப் பிடிக்கும்.

நாஹித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பையன் தலை நிமிர்ந்தான். ஜியாத்!

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். ஜியாத்தேதான். ஞாயிற்றுக்கிழமை காலை அவளே பாலாடைக்கட்டி சாண்ட்விச் கட்டிக் கொடுத்து அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பிவைத்த ஜியாத். மேசையோரம் ஒட்டியிருந்த அட்டையில் பெயர் தெளிவாக இருந்தது. இருக்கை எண் 2714. ஜியாத் ராஃபத் அப்துல் தவ்வாப்.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் முகத்திலும் இருந்திருக்காது. பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, அவளுக்கு அந்தச் சத்தம் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல இருந்தது.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "தம்பி, ஏதாவது சந்தேகமா? டாக்டர் நிக்கிறாங்க, கேட்டுக்கோ."

ஜியாத் வினாத்தாளைத் திருப்பிப் போட்டான். "இல்லீங்க. எனக்கு எல்லாம் புரியுது."

மேற்பார்வையாளர் அவள் பக்கம் திரும்பினார். "டாக்டர், உங்களுக்கு உடம்புக்கு என்ன? உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்."

"ஒண்ணுமில்ல. குளிருது."

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மைதானத்துக் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டபோதுதான் அந்த இன்னொரு விஷயம் உறைத்தது.

டிசம்பரில் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். வருடா வருடம் போடுவதுதான். 'இந்த ஆண்டு மாணவர்களில் நான்காம் நிலை உறவு வரை எனக்கு உறவினர் எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.' உறவினர் இருந்தால் அந்த ஆசிரியர் வினாத்தாள் எடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது, பந்தல் பக்கமே வரக் கூடாது. மூவாயிரம் பெயரை உட்கார்ந்து படித்துவிட்டா யாரும் கையெழுத்துப் போடுகிறார்கள்? ஊழியர் நீட்டினார், நாஹித் பட்டாணிச் சுண்டலைக் கொறித்துக்கொண்டே போட்டாள். கல்லூரியிலும் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. பிள்ளைகளுக்கு அப்பன் பெயர், பாட்டன் பெயர்தான். அம்மாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. ஜியாத் ராஃபத்துக்கும் நாஹித் கமீலுக்கும் முடிச்சுப் போட எவனுக்குத் தோன்றும்?

கையெழுத்து பொய்யாகிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் பொய். அதுவும் தெரியாமல் சொன்ன பொய்.

---

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் பந்தலைவிட்டுக் கொட்டினார்கள். அவன் நழுவப் பார்த்தான். நாஹித் விட்டால்தானே? முழங்கைக்கு மேலே சட்டையைக் கொத்தாகப் பிடித்து, கல்லூரிக்குப் பின்தெருவில் ஸஹ்லப் கடையின் உள்மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரன் கேட்காமலேயே இரண்டு கோப்பை சூடாக வைத்துவிட்டுப் போனான். இருவரும் தொடவில்லை.

"சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"எப்போலேர்ந்துடா இங்க?"

"அக்டோபர்லேர்ந்து. அங்க முதல் வருஷம் ஃபெயில்மா. நாலு பாடம். மாத்திக்கிட்டேன்."

"பாஸ்னு சொன்னியே! ஜூலையில உங்கப்பா தெருவுக்கே சர்பத் குடுத்தாரே!"

"நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதாம்?"

மூன்றரை மாதம்! ஞாயிறுதோறும் ரயில், வியாழன்தோறும் அழுக்குத்துணி. 'கடல் எப்படிடா இருக்கு' என்று கேட்டால் 'அலை ஜாஸ்திம்மா' என்று பதில் வேறு.

"எங்கடா தங்குற?"

"இதே தெருவுலதான். நகல் கடை மாடியில. ஃப்ரெண்டு ரூம்."

"ஊர்ல வேற காலேஜே கிடைக்கலையா? உங்கம்மா வேலை பாக்குற காலேஜ்தான் கிடைச்சுதா?"

"நானா கேட்டேன்? விலாசத்தப் பாத்து அவங்களா ஒதுக்குறாங்க. நம்ம வீட்டுக்கு இதுதான் பக்கம்."

"ஒரு நாளாவது என் கிளாசுக்கு வந்தியாடா?"

"ஒரே ஒரு நாள். கடைசி வரிசை, தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டு. கூட்டு வட்டி நடத்தினீங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நல்லாத்தான் நடத்துறீங்கம்மா. ஆனா பயமா இருக்கு."

நாஹித் கையை நீட்டினாள். "போனைக் குடு" என்றாள்.

"எதுக்கு?"

"குடுடான்னா!"

கொடுத்தான். இன்னும் என்னென்ன புளுகு இருக்கிறதோ பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் வாங்கினாள். திரையைத் தொட்டதும் முதலில் நின்றது ஒரு பச்சை அட்டை. 'பயப்படாதே, கணக்குதான். கடைசி நாள் திருப்புதல். அபூ அர்காம்.' நேற்று மதியம் எண்ணூறு பேருக்கு அனுப்பப்பட்டிருந்தது. அனுப்பியது இந்த போன்.

"யா அல்லா! நீயாடா அது?"

ஜியாத் கோப்பையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

மூன்று வாரமாகக் காதைத் திருகக் காத்திருந்தாள். காது எதிரிலேயே இருந்தது. கை எழவில்லை.

பக்கங்களைத் தள்ளினாள். ஆறாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. 'ஒரு பெண் தட்டு தட்டாக பஸ்பூஸா விற்கிறாள். விலையை ஏற்றினால்...' எண்கள் வேறு. தட்டு அதே தட்டு!

வினாத்தாளின் கைப்பிரதி அவள் படுக்கையறை மேசை இழுப்பறையில் இருந்தது. சாவி நகைப்பெட்டியில். வெள்ளிக்கிழமை முழுக்க இவன் வீட்டில் இருந்தான்.

"டேய்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என் இழுப்பறையத் திறந்தியா?"

"என்னது?"

"வினாத்தாளப் பாத்தியாடா? உண்மையச் சொல்லு. எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடு."

அவன் முகம் சிவந்தது. பந்தலில் மாட்டிக்கொண்டபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. "அல்லா மேல ஆணையா இல்ல! திருடன்னு நினைச்சிட்டீங்களா?"

"பின்ன பஸ்பூஸா எப்படிடா வந்தது? மூவாயிரம் பேருக்கு நான் வெச்ச கேள்வி, முந்தின நாளே உன் நோட்டுல எப்படி வந்தது?"

"ஸஃபா சித்தி ரமலான்ல வந்து, தட்டுக்கு என்ன விலை வெக்கிறதுன்னு கேட்டாங்கல்ல? நீங்க பேப்பர எடுத்து அரைமணி நேரம் போட்டீங்க. அவங்க பாவம், கொட்டாவி விட்டாங்க. வீட்டுல எது உங்க வாயில அடிபடுதோ அதுதான் பரீட்சையில வரும். அப்பா டயர் மாத்தின வருஷம் டயர் கேள்வி. பாத்ரூம் குழாய் ஒழுகின வருஷம் தண்ணித் தொட்டி. பழைய வினாத்தாள் ஏழு வருஷத்துக்கு என்கிட்ட இருக்கு. இதுக்கு எதுக்கு இழுப்பறை? உங்ககூட பதினெட்டு வருஷம் சாப்பிட்டிருக்கேன், போதாதா?"

நம்பலாமா? நம்பத் துடித்தது மனசு. ஆனால் அவள் கணக்கு வாத்தியார். துடிப்பதையெல்லாம் விடையாக எடுத்துக்கொள்ள முடியாது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு காகிதக் கைக்குட்டையோடு அவன் பக்கம் தள்ளினாள்.

"காலையில வந்த அதே கேள்வி. ஆனா அடுப்பு ரிப்பேர். வாரம் நாப்பத்தஞ்சு தட்டுக்கு மேல வேகாது. இப்பச் சொல்லு, என்ன விலை?"

வினாத்தாளில் இல்லாத கேள்வி. எந்தப் பிரதியிலும் இல்லாதது. அப்போதுதான் அவள் தலையில் உதித்தது.

அவன் பேனாவைத் தொடவேயில்லை. கூரையைப் பார்த்தான். உதடு அசைந்தது.

"ஐம்பது தட்டுதான் உச்சம். நாப்பத்தஞ்சுதான் முடியும்னா விலை மேல போகணும். நூத்தி முப்பத்தேழரை. வருமானத்துல அறுபத்திரண்டரை அடிபடும்."

"சரி."

"ஆனா சித்தி அந்த விலைக்கு விக்கமாட்டாங்க. அரை பவுண்டுச் சில்லறைக்கு எங்க போவாங்க? நூத்தி நாப்பது வெப்பாங்க. நாப்பத்தி நாலு தட்டு போகும். இன்னும் ஒரு இருபத்தேழரை நஷ்டம். மிச்சம் இருக்கிற ஒரு தட்டு பக்கத்து வீட்டுக்கு. அந்தப் பேச்சு நாலு வீட்டுக்குப் போகும், அடுத்த வாரம் ஆள் கூடும்." அவளைப் பார்த்தான். "அந்தக் கடைசிப் பகுதி உங்க புத்தகத்துல இல்ல."

நாஹித் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். எல்லாம் சரி. அவன் சொல்லி முடித்த பிறகும் அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

திருடவில்லை. இவனுக்கு இது வருகிறது. கான்கிரீட்டிலும் இரும்புக் கம்பியிலும் நாலு பாடம் கோட்டை விட்டவனுக்கு, இது மூச்சு விடுவதுபோல வருகிறது. அவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷமா, ஆத்திரமா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சவன் என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேடா! வணிகவியல்ல சேருறேன்மான்னு ஒரு வார்த்தை..."

"உங்ககிட்டயா?" சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "பிளஸ் டூ ரிசல்ட் வந்தன்னிக்கு நான் கேட்டேன். சோத்துல கை வெச்சிருந்தீங்க. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? 'வேற எங்கயும் எடுக்காதவன்தான்டா அங்க வருவான். எனக்குத் தெரியாதா, தினமும் மூவாயிரம் பேரப் பாக்குறேன்.' அந்த மூவாயிரத்துல ஒருத்தனா வந்து உக்காந்துட்டு, உங்க மூஞ்சிய எப்படிம்மா பாக்குறது?"

சொன்னாள். ஆமாம், சொன்னாள். மீன் குழம்பு அன்றைக்கு. சொல்லிவிட்டு ரொட்டியைக்கூட நிதானமாகப் பிய்த்தாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

ஸஹ்லப் ஆறி ஆடை கட்டியிருந்தது.

"எழுந்திரு" என்றாள். "நான் ஃபிக்ரி சாரப் பாக்கப் போறேன்."

"எதுக்கு? அம்மா, யாருக்கும் தெரியாது. இன்னும் மூணு பரீட்சை இருக்கு. உங்களுக்கு அந்த நாற்காலி வேற..."

"எனக்குத் தெரியும்ல? நோட்டு எண்ணூறு பேர்கிட்ட இருக்கு. எவனாவது ஒருத்தன் பஸ்பூஸாவப் பிடிச்சிக்கிட்டான்னா, அம்மா கேள்வி எடுத்தா, பிள்ளை வித்தான்னு ஆகிடும். இப்ப நான் போய்ச் சொன்னா அது உண்மை. அவங்களா கண்டுபிடிச்சா அது குற்றம். என்மேல இருக்கட்டும், உன்மேல விழக் கூடாது."

அவன் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். "சரி, போங்க. ஆனா அப்பாகிட்ட எதுவும் கேக்காதீங்கம்மா. இன்னிக்கு மட்டும்."

பாவம், அப்பா நெஞ்சு வெடித்துப்போவார் என்று பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். 'என் மகன் இஞ்சினியர்' என்று சொல்லிச் சொல்லியே சட்டைப் பொத்தான் தெறிக்கும் மனுஷர். அவரிடம் எப்படிச் சொல்லப்போகிறோம்? போனை மறந்தாற்போலத் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு நடந்தாள்.

---

மதிப்பெண் அறைக்குத் தலைவர் டாக்டர் ஃபிக்ரி. விடைத்தாள் கட்டுகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும் அறை. தாளின் மூலையை மடித்து ஒட்டி, பெயரை மறைத்து, ரகசிய எண் போடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஃபிக்ரி ஒரு கையில் அவரைவடை சாண்ட்விச்சோடு அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பாதியிலேயே மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"உங்க மகனா? இங்கயா? முதல் வருஷத்துலயா?"

"ஆமா."

"உங்களுக்கே தெரியாதா?"

"பத்தரை மணிக்குத்தான் தெரியும்."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், நான் சொல்றதக் கேளுங்க. பேர் ஒட்டியாச்சு. எது யாரோடதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் ஒரு டீயக் குடிச்சிட்டுத் தூங்குங்க. நீங்க இங்க வரவேயில்ல, நான் எதுவும் கேக்கவேயில்ல. அடுத்த மாசம் உங்க நாற்காலிக்கு நான்தான் முதல் கையெழுத்து."

எவ்வளவு சுலபமாக இருந்தது! அவளுக்கு ஒரு கணம் தூக்கமே வந்துவிடும் போலிருந்தது.

"அந்த ஒட்டினதப் பிரிக்காம எனக்குத் தெரியும் சார்" என்றாள். "இடது கை எழுத்து. ஏழு போட்டா நடுவுல கோடு கிழிப்பான். மூவாயிரத்துல அவன் தாள் என் கைக்கு வந்தா, நான் அம்மாவாத்தான் திருத்துவேன். ஒண்ணு கூடப் போடுவேன், இல்ல பயந்துகிட்டு ஒண்ணு குறைப்பேன். ரெண்டும் தப்பு. வெள்ளைத்தாள் குடுங்க."

"நாற்காலி போச்சுன்னு வெச்சிக்குங்க."

"போகட்டும். தாள் குடுங்க சார்."

எழுதினாள். 'டிசம்பரில் நான் அளித்த உறுதிமொழி தவறானது. இந்த ஆண்டு மாணவர்களில் எனக்கு உறவினர் உண்டு. முதல் நிலை உறவு. மகன்.' நோட்டு விஷயத்தையும் மறைக்காமல் எழுதினாள், அடுப்பு ரிப்பேர் கணக்கைக்கூட. கட்டுகளை வேறொருவர் திருத்தட்டும், குழு விசாரிக்கட்டும், 2714 தனியாக உறையில் இருக்கட்டும் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஃபிக்ரி பெருமூச்சு விட்டார். "பையனோட கோப்பும் இதோட இணைக்கணும்" என்று மாணவர் பிரிவுக்குப் போன் செய்தார். கால்மணியில் ஓர் அம்மாள் மெல்லிய கோப்பு ஒன்றைக் கொண்டு வந்து வைத்தாள். அவர் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"டாக்டர்... மாற்றல் விண்ணப்பத்துக்குப் பாதுகாவலர் வந்து சம்மதம் எழுதணும், தெரியும்ல? நேர்ல வந்து."

"தெரியும். கள்ளக் கையெழுத்துப் போட்டிருப்பான். அதுக்கும் சேர்த்து..."

"நீங்களே பாருங்க."

கோப்பைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

அக்டோபர் மூன்று. 'என் மகன் வணிகவியல் கல்லூரிக்கு மாற எனக்கு முழுச் சம்மதம்.' கீழே கையெழுத்து. எழுத்தெல்லாம் கொஞ்சம் சாய்ந்து, அடியில் ரசமட்டம் வைத்து இழுத்தாற்போல ஒரே நேர்கோடு. இருபத்தொரு வருடமாக வீட்டு வாடகைப் பத்திரத்திலும், பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையிலும், அவளுடைய கல்யாண ஒப்பந்தத்திலும் பார்த்த கோடு. இந்தக் கோட்டை ஜியாத்தால் போட முடியாது. யாராலும் முடியாது. பக்கத்தில் அடையாள அட்டையின் நகல். ராஃபத் அப்துல் தவ்வாப், மீசையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் மூன்று. அன்று காலை வேலைத்தளத்தில் அஸ்திவாரம் போடுகிறோம் என்று சீக்கிரம் கிளம்பினாரே! திரும்பி வரும்போது அவளுக்குப் பிடித்த கொய்யாப்பழம் வேறு வாங்கி வந்தாரே!

நாஹித் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து எத்தனை அதிர்ச்சி! ஆனால் அதையெல்லாம் தாங்கிய நெஞ்சு இதற்குத்தான் திக்கென்று நின்றது. ரொட்டிக்கடையில் 'எம்மகன் இஞ்சினியர்' என்று சொன்னாரே, அது யாருக்காகச் சொன்னது? அவள் பக்கத்தில் நிற்கும்போதுதானே சொன்னார்?

'அப்பாகிட்ட எதுவும் கேக்காதீங்கம்மா.' அப்பனுக்குப் பயந்து ஒளிந்தான் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள். அவன் பயந்தது அவளுக்கு. அப்பனும் பிள்ளையும் சேர்ந்து மூன்றரை மாதமாக ஒளிந்தது அவளிடமிருந்து.

கைப்பைக்குள் போன் அடித்தது. அவளுடைய போன். ராஃபத்.

"நாஹித், பரீட்சை முடிஞ்சுதா? பிள்ளைங்கள ரொம்ப அழவெச்சிட்டியா?" வழக்கமான கேலிக்குரல். "சாயங்காலம் வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா. எனக்கு இங்க நேரமாகும்."

"சரி."

"அப்புறம், நம்ம இஞ்சினியர் இப்பத்தான் போன் பண்ணான். அலெக்சாந்திரியாவுல நல்ல மழையாம். பரீட்சை பிரமாதமா எழுதியிருக்கானாம். உன்கிட்டச் சொல்லச் சொன்னான்."

ஜியாத்தின் போன் அவள் கைப்பைக்குள், அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு மணி நேரமாக அங்கேதான் கிடக்கிறது. நாஹித் அதைப் பார்த்தாள். கோப்பிலிருந்த நேர்கோட்டைப் பார்த்தாள். ஃபிக்ரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நாஹித்? இருக்கியா?"

"இருக்கேன். மூணு பேருக்கு ரொட்டி வாங்கிட்டு வரேன்."

"மூணு பேருக்கா? பையன்தான் வியாழக்கிழமை வரைக்கும் வரமாட்டானே?"

"மூணு பேருக்குத்தாங்க" என்றாள். "நீங்க சீக்கிரம் வந்துடுங்க."

மறுமுனையில் ராஃபத் யாரிடமோ அவசரமாக வண்டிச் சாவியைக் கேட்பது காதில் விழுந்தது.